கிராஃப் டேட்டாபேஸ்ல தேடினா ஒண்ணும் வரலையா? ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸை எங்கேர்ந்து பார்க்கணும்

கடலூர், புதுச்சேரி பக்கத்து ஏரி, வாய்க்கால், அணைக்கட்டு, கிராமம் எல்லாத்தையும் எது எதுக்கு தண்ணி குடுக்குதுன்னு ஒரு கிராஃப் டேட்டாபேஸ்ல, அதாவது எல்லாத்தையும் புள்ளியும் அதை இணைக்கிற கோடுமா சேமிக்கிற டேட்டாபேஸ்ல, போட்டுட்டு இருக்கோம், நாங்க அஞ்சு பேர். சொர்ணாவூர் அணைக்கட்டுலேர்ந்து பங்காரு வாய்க்கால், அதுலேர்ந்து பாகூர் ஏரி, அந்தாண்ட கீழணையிலேர்ந்து வடவாறு வழியா வீராணம், இப்படி கோடு கோடா போற விஷயத்துக்கு டேபிளை விட கிராஃப் தான் சரியா வருது. எல்லாம் ஏத்தி முடிச்சு தேடல் பெட்டியில கொம்பாக்கம்னு அடிச்சா ஒண்ணுமே வரல. எரரும் இல்ல, சும்மா காலியா வருது. ஆனா அந்த நோடு, அதாவது கொம்பாக்கத்துக்குன்னு போட்ட புள்ளி, கண்ணு முன்னாடி ஸ்க்ரீன்ல இருக்கு.

இதுக்கு மூணு வாரம் போச்சு எனக்கு. ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸை, அதாவது சொல்லை வச்சு தேடுறதுக்கு டேட்டாபேஸ் கட்டி வைக்கிற அட்டவணையை, நாலு தடவை அழிச்சு கட்டினேன், ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா கோளாறு இண்டெக்ஸ்லயே இல்ல. அதனால தான் இதை எழுதுறேன், எந்த வரிசையில பார்த்தா சீக்கிரம் முடியுமோ அந்த வரிசையில. நான் யூஸ் பண்றது நியோ4ஜெ, கம்யூனிட்டி எடிஷன். அதுல ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸுக்கு அடியில ஓடுறது அப்பாச்சி லூசின்ங்கிற தேடல் சாஃப்ட்வேர், அதனால லூசின் பத்தி சொல்றது வேற டேட்டாபேஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் ஓரளவு உதவும்.

கமாண்டை எல்லாம் உச்சரிக்கிற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், டைப் பண்றப்ப ஆங்கிலத்துல அடிங்க.

1. தொடங்குறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

முதல்ல வெர்ஷன் நம்பர். நெட்ல கிடைக்கிற பழைய பதில் பாதி 4.3-க்கு முன்னாடி எழுதினது, அதுல கிரியேட்நோட்இண்டெக்ஸ்னு ஒரு புரொசீஜர் கூப்பிட சொல்லுவாங்க. 4.3-லேர்ந்து கிரியேட் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ்னு நேரா கமாண்டே வந்துடுச்சு, 5-ல அந்த பழைய புரொசீஜரே கிடையாது. உங்க வெர்ஷன் தெரியாம எதையும் காப்பி பண்ணாதீங்க.

ரெண்டாவது பேக்கப். கம்யூனிட்டி எடிஷன்ல டேட்டாபேஸை நிறுத்திட்டு தான் டம்ப் (டேட்டா முழுசும் ஒரு ஃபைலா) எடுக்க முடியும். 5-ல நியோ4ஜெ அட்மின் டேட்டாபேஸ் டம்ப், 4-ல நடுவுல அந்த டேட்டாபேஸ்ங்கிற வார்த்தை இல்லாம நியோ4ஜெ அட்மின் டம்ப். எங்க டேட்டா ஒரு பென் டிரைவ்ல அடங்கிடும், எடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் கூட ஆகல. இதை விட்டுட்டு ஆறாவது படிக்கு போகாதீங்க, அங்க டேட்டாவையே மாத்தப் போறோம்.

மூணாவது லாக் ஃபைல் எங்க இருக்குன்னு தெரியணும். லாக்ஸ் ஃபோல்டர்ல டீபக் டாட் லாக். உபுண்டுல பேக்கேஜா போட்டிருந்தா வார், லாக், நியோ4ஜெ-ங்கிற ஃபோல்டருக்குள்ள இருக்கும்.

செலவுன்னு பார்த்தா சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபாயும் இல்ல, கம்யூனிட்டி எடிஷன் இலவசம். இருக்கிற லேப்டாப்பே போதும். செலவாகுறது நேரம் தான், இந்த வரிசையில போனீங்கன்னா அரை நாள்ல காரணம் தெரிஞ்சிடும், டேட்டாவை சுத்தம் பண்றதுக்கு மட்டும் தனியா ஒரு நாள் வச்சுக்கோங்க.

2. ஒரு சாட்சி நோடு பிடிங்க

இது தான் நான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியது. கண்டிப்பா வரணும்னு உங்களுக்கு தெரிஞ்ச ஒரே ஒரு நோடை எடுத்துக்கோங்க. பேர்ல முற்றுப்புள்ளி, கோடு, பிராக்கெட் எதுவும் இல்லாத சாதாரண ஒரு பேரா இருக்கட்டும். எனக்கு கொம்பாக்கம்.

இப்ப அந்த நோடை மேட்ச் பண்ணி எடுத்து, அதோட பேரை நீங்க கையால டைப் பண்ணாம, அந்த பேரு இருக்கிற ப்ராப்பர்ட்டியையே (நோடுக்குள்ள தகவல் வைக்கிற கட்டம்) அப்படியே தேடலுக்குள்ள குடுங்க. அதாவது மேட்ச் போட்டு, அடுத்த வரியில கால் டிபி டாட் இண்டெக்ஸ் டாட் ஃபுல்டெக்ஸ்ட் டாட் குவெரிநோட்ஸ், முதல் இடத்துல இண்டெக்ஸ் பேரு, ரெண்டாவது இடத்துல என் டாட் நேம் (என்-ங்கிறது மேட்ச்ல நோடுக்கு வச்ச பேரு), அப்புறம் ஈல்ட் நோட், ஸ்கோர்.

இப்படி கேட்டு அந்த நோடு வந்துச்சுன்னா இண்டெக்ஸ்ல அது இருக்கு, நீங்க டைப் பண்றதுக்கும் உள்ள இருக்கிறதுக்கும் தான் ஒத்துப்போகல, நேரா 6-க்கு போங்க. வரலைன்னா அந்த நோடு இண்டெக்ஸ்லயே ஏறல, 3-லேர்ந்து பாருங்க. இந்த ஒரு கேள்வி பாதி வேலையை குறைச்சிடும். எனக்கு வந்துச்சு. அதுவரைக்கும் மூணு வாரமா இண்டெக்ஸை குத்தம் சொல்லிட்டு இருந்தேன்.

இன்னொண்ணு, சிலர் மேட்ச் போட்டு வேர் கண்டிஷன்ல கன்டெயின்ஸ் எழுதி "ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ் இருந்தும் ஸ்லோவா இருக்கு"ன்னு சொல்றாங்க. கன்டெயின்ஸ் இந்த இண்டெக்ஸை தொடவே தொடாது. அதுக்கு டெக்ஸ்ட் இண்டெக்ஸ்னு வேற ஒண்ணு இருக்கு, பேரு ஒரே மாதிரி இருக்கிறதால குழம்பும். ஃபுல்டெக்ஸ்டை மேல சொன்ன மாதிரி புரொசீஜர் வழியா தான் கேட்கணும்.

3. இண்டெக்ஸ் உயிரோட இருக்கா

ஷோ ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸஸ் ஈல்ட் ஸ்டார்னு குடுங்க. அந்த ஸ்டார் முக்கியம், இல்லைன்னா பாதி காலம் (டேபிளோட நெடுவரிசை) காட்டாது. ஸ்டேட்-ங்கிற இடத்துல ஆன்லைன்னு இருக்கணும். பாப்புலேட்டிங்னு இருந்தா இன்னும் கட்டிட்டு இருக்கு, பக்கத்துலயே எத்தனை சதவீதம்னு காட்டும், காத்திருங்க. ஸ்க்ரிப்ட்ல போடுறீங்கன்னா கால் டிபி டாட் அவெயிட்இண்டெக்ஸஸ், உள்ள 300-ன்னு செகண்ட் குடுத்தா ஆன்லைன் ஆகுற வரைக்கும் அதுவே நிக்கும்.

ஃபெயில்டுன்னு இருந்தா ஃபெயிலியர்மெசேஜ் காலத்தை படிங்க, அப்புறம் டீபக் லாக்ல அந்த இண்டெக்ஸ் பேரை தேடுங்க. டிஸ்க்ல இடம் இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. பெரும்பாலும் இந்த படியில ஒண்ணும் மாட்டாது, ரெண்டு நிமிஷத்துல தாண்டிடலாம்.

4. லேபிள், ப்ராப்பர்ட்டி, டைப்

இங்க தான் புதுசா வர்றவங்க நிறைய பேர் மாட்டுறாங்க, ஏன்னா தப்பா குடுத்தாலும் டேட்டாபேஸ் ஒண்ணும் சொல்லாது. லேபிள்ங்கிறது ஒரு நோடு ஏரியா, ஊரா, எந்த வகைன்னு சொல்ற சீட்டு, இல்லாத லேபிளுக்கு இண்டெக்ஸ் கட்ட சொன்னாலும் கட்டிடும், ஆன்லைன்னு காட்டும், நூறு சதவீதம்னு காட்டும், உள்ள ஒண்ணும் இருக்காது. வருங்காலத்துல அந்த லேபிள் வரலாம்னு அது நினைக்குது, அது நியாயம் தான், ஆனா நம்ம கதை கந்தலாயிடும்.

எழுத்து பெருசு சின்னது வித்தியாசம் உண்டு. எங்க டீம்ல ஒருத்தர் லேக்குனு முதல் எழுத்தை கேப்பிடல்ல போட்டு ஏத்தியிருந்தார், இன்னொருத்தர் முழுக்க ஸ்மால் லெட்டர், மூணாவது ஆள் கடைசியில ஒரு எஸ் சேர்த்திருந்தார். மூணும் வேற வேற லேபிள். கால் டிபி டாட் லேபிள்ஸ் குடுத்தா மொத்தமும் தெரியும், கால் டிபி டாட் ப்ராப்பர்ட்டிகீஸ் குடுத்தா ப்ராப்பர்ட்டி பேரு எல்லாம் தெரியும். ஷோ இண்டெக்ஸ்ல லேபிள்ஸ்ஆர்டைப்ஸ், ப்ராப்பர்ட்டீஸ்னு ரெண்டு காலம் இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. ஒரு நோடு ஏறணும்னா இண்டெக்ஸ்ல சொன்ன லேபிள்ல ஒண்ணாவது இருக்கணும், ப்ராப்பர்ட்டில ஒண்ணாவது இருக்கணும்.

அடுத்தது டைப். நம்பரா சேமிச்சது இதுல ஏறாது, எழுத்தா சேமிச்ச ஸ்ட்ரிங் தான் ஏறும், புது வெர்ஷன்ல ஸ்ட்ரிங் லிஸ்ட்டும் ஏறும். எங்களுக்கு சர்வே நம்பர்ல பிரச்சனை. 45/2-ன்னு இருக்கிறது ஸ்ட்ரிங்கா போயிடுச்சு, வெறும் 112-ன்னு இருந்ததை ஏத்துற ஸ்க்ரிப்ட் இன்டீஜரா மாத்தி போட்டுடுச்சு, அதனால பாதி சர்வே நம்பர் கிடைக்குது பாதி கிடைக்கல. டூஸ்ட்ரிங் போட்டு எல்லாத்தையும் மாத்தினப்புறம் சரியாச்சு.

நோடுக்கு ஒரு இண்டெக்ஸ், ரெண்டு நோடை இணைக்கிற கோட்டுக்கு, அதாவது ரிலேஷன்ஷிப்புக்கு, தனி இண்டெக்ஸ். வாய்க்காலை நாங்க ரிலேஷன்ஷிப்பா வச்சிருக்கோம், அதுல "மதகு உடைஞ்சிருக்கு", "ரெண்டு வருஷமா தூர் வாரல"ன்னு குறிப்பு எழுதுவோம். அந்த குறிப்பை குவெரிநோட்ஸ்ல தேடினா ஜென்மத்துக்கும் வராது, குவெரிரிலேஷன்ஷிப்ஸ்னு தனியா இருக்கு, அதுக்கு இண்டெக்ஸும் தனியா கட்டணும்.

5. அனலைசர், கூடவே இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்ங்கிற பொறி

அனலைசர்ங்கிறது ஒரு வாக்கியத்தை எப்படி சொல்லு சொல்லா வெட்டுறதுன்னு முடிவு பண்ற ஆளு. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா ஸ்டாண்டர்ட் நோ ஸ்டாப் வேர்ட்ஸ்ங்கிறதை எடுத்துக்கும். தமிழுக்கு அது பரவாயில்ல, அதையே வச்சுக்கோங்கன்னு தான் நான் சொல்லுவேன். கால் டிபி டாட் இண்டெக்ஸ் டாட் ஃபுல்டெக்ஸ்ட் டாட் லிஸ்ட்அவெய்லபிள்அனலைசர்ஸ் குடுத்தா மொத்த லிஸ்ட் வரும். ஹிந்திக்கு ஒண்ணு இருக்கு, நான் வச்சிருக்கிற வெர்ஷன்ல தமிழுக்கு இல்ல.

அந்த லிஸ்ட்ல சிம்பிள்னு ஒண்ணு இருக்கும். பேரை பார்த்து எடுத்துடாதீங்க. அது எழுத்து இல்லாத எடத்துல எல்லாம் வெட்டும், அதோட கணக்குல நம்ம கால், கொம்பு, புள்ளி எதுவுமே எழுத்து கிடையாது. கடலூர்னு குடுத்தா "கடல" தனியா "ர" தனியா ரெண்டு துண்டா வெட்டிடும். தேடுறப்பவும் அதே மாதிரி வெட்டும், அதனால காலியா வராது, நேர் மாறா ஊர்ல இருக்கிற எல்லாம் வரும், ஏதோ ஒரு சொல்லுல ர துண்டா விழுந்திருந்தாலே போதும். ஒண்ணு தேடினா ஆயிரம் வருதுன்னா முதல்ல இதை சந்தேகப்படுங்க. ஸ்டாப்ங்கிற அனலைசரும் இதே மாதிரி தான் வெட்டும்.

ஒயிட்ஸ்பேஸ் அனலைசர்லயும் ஒரு கண்ணி இருக்கு. வெப்சைட்லேர்ந்தோ வேர்ட் ஃபைல்லேர்ந்தோ காப்பி பண்ணா உடையாத இடைவெளின்னு ஒரு கேரக்டர் ஒட்டிட்டு வரும், பார்க்க சாதாரண ஸ்பேஸ் தான். ஒயிட்ஸ்பேஸ் அதை இடைவெளியா எடுத்துக்காது, பெருமாள் ஏரின்னு ரெண்டு சொல்லு ஒரே சொல்லா ஒட்டிடும். யூனிகோட் ஒயிட்ஸ்பேஸ்னு இருக்கிறது அதை சரியா பிரிக்கும்.

புதுச்சேரி ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சு பேர் தலைக்கு மேல கோடு, குறி எல்லாம் போட்டு ஆங்கில எழுத்துல சேமிச்சிருந்தீங்கன்னா, பழைய பத்திரத்துல பேரெல்லாம் அப்படி தான் இருக்கும், தேடுறவங்க குறி இல்லாம சும்மா ஈ-ன்னு தான் அடிப்பாங்க, கிடைக்காது. அதுக்கு ஸ்டாண்டர்ட் ஃபோல்டிங்னு ஒரு அனலைசர் இருக்கு, குறியை உரிச்சு எடுத்துடும். தமிழ்ப் பேருக்கு ஒரு இண்டெக்ஸ், பிரெஞ்சு பேருக்கு இந்த அனலைசரோட ஒரு தனி இண்டெக்ஸ்னு வச்சுக்கிறது நல்லது.

சரி, இப்ப பொறி. கட்டின இண்டெக்ஸோட அனலைசரை மாத்த முடியாது, ட்ராப் பண்ணிட்டு திரும்ப கட்டணும். நான் என்ன பண்ணேன்னா ஸ்க்ரிப்ட்ல அனலைசர் பேரை மட்டும் மாத்திட்டு ஓட்டினேன், அதுல கிரியேட் ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ், பேரு, இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்னு இருந்துச்சு. அதே பேர்ல இண்டெக்ஸ் ஏற்கனவே இருக்கிறதால அது ஒண்ணுமே பண்ணாம எரரும் சொல்லாம போயிடுச்சு, நான் மாறிடுச்சுன்னு நினைச்சு ரெண்டு நாள் மத்ததெல்லாம் நோண்டிட்டு இருந்தேன். மாத்தினப்புறம் எப்பவும் ஷோ ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸஸ் ஈல்ட் நேம், ஆப்ஷன்ஸ்னு குடுத்து, உள்ள எந்த அனலைசர் இருக்குன்னு கண்ணால பார்த்துடுங்க.

6. பார்க்க ஒண்ணு, உள்ள வேற: தமிழ் எழுத்து

எனக்கு கொம்பாக்கம் கிடைக்காததுக்கு காரணம் இது தான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

கொ-ங்கிறதுல இருக்கிற ஒகரக் குறியை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியா எழுதலாம், இல்ல முன்னாடி வர்ற ஒத்தைக் கொம்பும் பின்னாடி வர்ற காலும்னு ரெண்டு குறியா எழுதலாம். ஸ்க்ரீன்ல ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், எந்த ஃபாண்ட் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. கோ-வுக்கும் அதே கதை. ஔகாரக் குறியும் அப்படி தான். பழைய ஃபாண்ட்லேர்ந்து மாத்தின ஃபைல்ல இந்த ரெண்டு துண்டு வடிவம் நிறைய வரும், ஃபோன் கீபோர்டுல நீங்க அடிக்கிறது ஒரே குறியா வரும். ஸ்டாண்டர்ட் அனலைசர் இதை சேர்த்து வைக்காது. அதுக்கு ரெண்டும் வேற வேற சொல்லு.

கண்டுபிடிக்க ஈஸியான வழி, சைஸ் ஃபங்ஷன், சொல்லுல எத்தனை குறின்னு எண்ணி சொல்லும். கொம்பாக்கம் ஒழுங்கா இருந்தா 11 வரும். எனக்கு 12 வந்துச்சு. அந்த 12-ஐ பார்த்தப்ப தான் மூச்சே வந்துச்சு. ஸ்ப்ளிட் போட்டு ரெண்டாவது இடத்துல காலி ஸ்ட்ரிங் குடுத்தீங்கன்னா ஒவ்வொரு குறியா பிரிச்சு காட்டும், அதுல கொம்பும் காலும் தனித்தனியா நிக்கிறது தெரியும். தொண்டமாநத்தம், சொர்ணாவூர், கோண்டூர், மொரட்டாண்டி எல்லாம் இதே வியாதி. பாகூர், வில்லியனூர் எல்லாம் நல்லா கிடைச்சுது, ஏன்னா அதுல ஒ ஓ இல்ல. சில ஊரு கிடைக்குது சில ஊரு கிடைக்கலைன்னா கிடைக்காததை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி பொதுவா என்ன எழுத்து இருக்குன்னு பாருங்க, நான் அப்படி எழுதிப் பார்த்திருந்தா ரெண்டாம் நாளே பிடிச்சிருப்பேன்.

சரி பண்ண, 5.17-லேர்ந்து நியோ4ஜெ-வோட குவெரி மொழியான சைஃபர்லயே நார்மலைஸ்னு ஃபங்ஷன் இருக்கு, ரெண்டு விதமா எழுதினதை ஒரே வடிவத்துக்கு மாத்திடும். வேர் கண்டிஷன்ல என் டாட் நேம் இஸ் நாட் நார்மலைஸ்டுன்னு போட்டா கோளாறான நோடு மட்டும் வரும், முதல்ல எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் செட் என் டாட் நேம் சமம் நார்மலைஸ் என் டாட் நேம். பழைய வெர்ஷன்னா பைத்தான்ல யூனிகோட்டேட்டா மாட்யூல் இருக்கு, என்எஃப்சி-ன்னு (ஒரே குறியா சேர்க்கிற வடிவம்) குடுத்து, ஏத்துற சிஎஸ்வி ஃபைலை சுத்தம் பண்ணிட்டு திரும்ப ஏத்துங்க. டேட்டாவை மட்டும் சரி பண்ணிட்டு விட்டுடாதீங்க, தேடல் பெட்டியில வர்ற சொல்லையும் டேட்டாபேஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அதே மாதிரி நார்மலைஸ் பண்ணணும், யாரு எந்த கீபோர்டுல அடிக்கிறாங்கன்னு நமக்கு தெரியாது.

நார்மலைஸ் பண்ணாலும் சரியாகாததும் இருக்கு.

ஸ்ரீமுஷ்ணம். ஸ்ரீயை ஸ வச்சும் எழுதலாம், ஶ வச்சும் எழுதலாம், நிறைய ஃபாண்ட்ல ரெண்டும் ஒரே உருவம். இது ரெண்டையும் யூனிகோட் ஒண்ணுன்னு சொல்லல, அதனால நார்மலைஸ் தொடாது, சைஸ்லயும் வித்தியாசம் தெரியாது. ரீப்ளேஸ் போட்டு எல்லாத்தையும் ஸ பக்கமே மாத்தி வச்சோம். அந்த ஊரை திருமுட்டம்னும் எழுதுவாங்க, அது எழுத்துக் கோளாறு இல்ல, இன்னொரு பேரு, அதுக்கு வேறபேர்னு ஒரு ப்ராப்பர்ட்டி வச்சு இண்டெக்ஸ்ல சேர்த்துட்டோம்.

ஔகாரக் குறிக்கு பதிலா ஒத்தைக் கொம்பும் ள-வும் அடிச்சிருப்பாங்க. மௌலவி மாதிரி பேரு இருந்தா தேடிப் பாருங்க. இதை மெஷினுக்கு விட முடியாது, கண்ணால பார்த்து தான் மாத்தணும், ஏன்னா நிஜமாவே ள வர்ற சொல்லும் இருக்கு.

கண்ணுக்கே தெரியாத ஒட்டுக் குறி, ஒட்டாக் குறி. யூனிகோட் எண் 200டி, 200சி. காப்பி பேஸ்ட்ல வந்து சொல்லுக்கு நடுவுல உக்காந்துக்கும். சைஸ் ஒண்ணு கூட வந்து மத்ததெல்லாம் சரியா இருந்தா இது தான். ரீப்ளேஸ்ல பேக்ஸ்லாஷ் யூ 200சி-ன்னு குடுத்து காலியா மாத்துங்க, 200டி-க்கும் அதே.

கடைசியா, வானவில், பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்ச ஃபைல். அது தமிழே இல்ல, உள்ள இருக்கிறது ஆங்கில எழுத்தும் குறியும், ஃபாண்ட் தான் தமிழா காட்டுது. அப்படியே ஏத்தினா இண்டெக்ஸ்ல குப்பை தான் சேரும். யூனிகோடுக்கு மாத்தி, அப்புறம் நார்மலைஸ் பண்ணி, அப்புறம் ஏத்துங்க. எக்செல்லேர்ந்து சிஎஸ்வி எடுக்குறப்ப யூடிஎஃப்-8 சிஎஸ்வி-ன்னு இருக்கிறதை தேர்ந்தெடுங்க, இல்லைன்னா எல்லாம் கேள்விக்குறியா போயிடும், அதை திரும்ப கொண்டு வர வழியே இல்ல.

7. கேள்வி கேட்கிற விதம்

லூசினுக்கு சில குறி எல்லாம் கட்டளை. சாய்கோடு அதுல ஒண்ணு, ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆரம்பிக்குதுன்னு எடுத்துக்கும். 45/2-ன்னு அப்படியே தேடினா பார்ஸ் எரர் வரும். அதை டபுள் கோட்ஸுக்குள்ள போட்டுடுங்க, இண்டெக்ஸ்ல 45-ம் 2-ம் தனித்தனி சொல்லா பக்கத்துல பக்கத்துல இருக்கும், கோட்ஸ் போட்டா அந்த வரிசையிலயே தேடும். பிளஸ், மைனஸ், பிராக்கெட், ஆச்சரியக்குறி, கேள்விக்குறி, நட்சத்திரம், கோலன் இதெல்லாமும் கட்டளை தான். முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும், சைஃபர் ஸ்ட்ரிங்குக்குள்ள எழுதினா ரெண்டு பேக்ஸ்லாஷ். கோலன் ரொம்ப மோசம், எரரே வராது. ஏரி:பெருமாள்னு அடிச்சா ஏரிங்கிற ப்ராப்பர்ட்டியில பெருமாளை தேடுன்னு புரிஞ்சுக்கும், அப்படி ஒரு ப்ராப்பர்ட்டி இல்ல, காலியா வரும். தேடல் சொல்லை எப்பவும் பாராமீட்டரா (குவெரிக்கு வெளியே தனி மதிப்பா) அனுப்புங்க, ஸ்ட்ரிங்கை ஒட்டி ஒட்டி குவெரி எழுதாதீங்க.

பெருமாள் ஏரின்னு ரெண்டு சொல்லு குடுத்தா பெருமாள் அல்லது ஏரின்னு அர்த்தம். மாவட்டத்துல இருக்கிற ஏரி எல்லாம் வரும். ரெண்டும் வேணும்னா நடுவுல ஆண்ட்-னு கேப்பிடல்ல போடுங்க, இல்ல மொத்தத்தையும் டபுள் கோட்ஸ்ல போடுங்க.

வேற்றுமை உருபு தான் தமிழ்ல பெரிய தலைவலி. கடலூர்னு தேடினா கடலூரில், கடலூருக்கு எதுவும் வராது, சொல்லை வேருக்கு வெட்டுற வேலையை ஸ்டாண்டர்ட் பண்ணாது. சரி நட்சத்திரம் போடுவோம்னு கடலூர்*-னு அடிச்சாலும் வராது, இது ஏன்னு ரொம்ப நேரம் புரியல. ர் கடைசியில இருக்கிற புள்ளியும் ஒரு குறி, கடலூரில்-ல அந்த இடத்துல புள்ளிக்கு பதிலா இகரக் குறி வருது. அதனால புள்ளியை எடுத்துட்டு கடலூர*-னு அடிங்க, கடலூர், கடலூரில், கடலூருக்கு எல்லாம் வரும். விழுப்புரம் மாதிரி ம்-ல முடியிறதுக்கு ம்-ஐயே முழுசா எடுத்துட்டு விழுப்புர*, விழுப்புரத்தில்-னு வர்றப்ப அந்த ம் போயிடுது. புதுச்சேரி மாதிரி உயிர்ல முடியிறதுக்கு அப்படியே நட்சத்திரம் போட்டா போதும், புதுச்சேரியில்-ன்னு தானே நீளுது. நாங்க ஆப்ல சொல்லோட கடைசி புள்ளியை (ம்-ல முடிஞ்சா அந்த ம்-ஐயே) எடுத்துட்டு நட்சத்திரம் சேர்க்கிற மாதிரி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதிட்டோம். கோட்ஸுக்குள்ள போட்ட நட்சத்திரம் வேலை செய்யாது, அதை மறந்துடாதீங்க.

எழுத்துப்பிழைக்கு டில்டே (~) குறி இருக்கு, சொல்லுக்கு பின்னாடி போடணும். எத்தனை குறி மாறலாம்னு அதுக்கு பக்கத்துல எண் போடலாம், அதிகபட்சம் 2. புதுச்சேரியை புதுசேரின்னு எழுதினா நமக்கு ஒரு எழுத்து தான் விட்டிருக்கு, ஆனா லூசின் கணக்குல ச ஒண்ணு, புள்ளி ஒண்ணு, மொத்தம் ரெண்டு. 1 போட்டா கிடைக்காது, 2 போடணும். தமிழுக்கு 1 பெரும்பாலும் பத்தாது. சின்ன சொல்லுக்கு 2 போட்டா சம்பந்தமே இல்லாததும் வரும், அதனால நாங்க நேரா தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னா மட்டும் டில்டே போட்டு ரெண்டாவது தடவை தேடுறோம்.

முடிவோட கூட வர்ற ஸ்கோர் சதவீதம் இல்ல. ஒரு தேடலுக்குள்ள எது மேல எது கீழன்னு பார்க்க மட்டும் தான். 2-க்கு கீழ இருந்தா தூக்கிடுன்னு எழுதி வச்சா நல்ல பதிலும் போயிடும். லிமிட் போடுறப்பவும் கவனம், முதல்ல 20 எடுத்துட்டு அப்புறம் புதுச்சேரி பக்கம் இருக்கிறது மட்டும்னு வடிகட்டினா சில சமயம் ஒண்ணும் மிஞ்சாது. வடிகட்டிட்டு லிமிட் போடுங்க.

8. இப்ப தான் ஏத்தினேன், தெரியல

முதல்ல கமிட் ஆச்சான்னு, அதாவது எழுதினது உறுதியா பதிவாச்சான்னு, பாருங்க. ஆகியும் வரலைன்னா இண்டெக்ஸ் ஆப்ஷன்ஸ்ல ஈவென்ச்சுவலி கன்சிஸ்டென்ட் ட்ரூன்னு இருக்கான்னு பாருங்க. அப்படி இருந்தா புது டேட்டா பின்னாடி தனியா மெதுவா ஏறும், எழுதுறது வேகமாகும் ஆனா தேடல்ல தெரிய கொஞ்ச நேரம் ஆகும். கால் டிபி டாட் இண்டெக்ஸ் டாட் ஃபுல்டெக்ஸ்ட் டாட் அவெயிட்ஈவென்ச்சுவலிகன்சிஸ்டென்ட்இண்டெக்ஸ்ரிஃப்ரெஷ் குடுத்தா ஏறி முடியிற வரைக்கும் காத்திருக்கும். டீஃபால்ட்டா இது ஃபால்ஸ் தான். எங்களை மாதிரி சின்ன டேட்டாவுக்கு ஃபால்ஸே இருக்கட்டும்.

9. திரும்ப கட்டுறது, கடைசியில தான்

டேட்டாவுல எதை மாத்தணும்னு முடிவாச்சு, அனலைசர் முடிவாச்சுன்னா மட்டும் இதுக்கு வாங்க. வரிசை இது: டம்ப் எடுங்க, ட்ராப் இண்டெக்ஸ், டேட்டாவை மாத்துங்க, அப்புறம் கிரியேட். இண்டெக்ஸை வச்சுக்கிட்டே எல்லா நோடையும் மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் இண்டெக்ஸும் கூடவே மாறணும், அதுக்கு எடுத்துட்டே மாத்துறது வேகம். டேட்டா பெருசுன்னா கால் இன் ட்ரான்சாக்ஷன்ஸ் போட்டு ஆயிரம் ஆயிரமா மாத்துங்க, பிரௌசர்ல ஓட்டுறீங்கன்னா முன்னாடி கோலன் ஆட்டோ சேர்க்கணும். இண்டெக்ஸ் கட்டுறதையும் டேட்டா மாத்துறதையும் ஒரே ட்ரான்சாக்ஷன்ல போடாதீங்க, ஸ்கீமா வேலையும் டேட்டா வேலையும் ஒண்ணா வரக்கூடாதுன்னு எரர் வரும்.

கிரியேட்ல இந்த தடவை இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ் போடாதீங்க. பழசு இன்னும் இருந்துச்சுன்னா எரர் வரட்டும், அது தான் நமக்கு வேணும். எங்களுக்கு சில ஆயிரம் நோடு தான், கட்டி முடிக்க சில செகண்ட். கரண்ட் அடிக்கடி போற ஏரியான்னா லேப்டாப் சார்ஜ் முழுசா இருக்கிறப்ப பண்ணுங்க.

ஆன்லைன் ஆனதும் அஞ்சு சாட்சி நோடை கையால டைப் பண்ணி தேடுங்க: ஒகரம் வர்றது ஒண்ணு, ஸ்ரீ வர்றது ஒண்ணு, சாய்கோடு இருக்கிற சர்வே நம்பர் ஒண்ணு, ரெண்டு சொல்லு பேரு ஒண்ணு, உருபு சேர்ந்தது ஒண்ணு. கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல, ரெண்டு வேற ஃபோன்லேர்ந்தும் அடிச்சுப் பாருங்க. நாங்க இந்த அஞ்சையும் ஒரு ஃபைல்ல போட்டு வச்சிருக்கோம், யாராவது புதுசா சிஎஸ்வி கொண்டு வந்து ஏத்தினா உடனே ஓட்டிடுவோம். போன வாரம் பரங்கிப்பேட்டை பக்கத்துலேர்ந்து வந்த ஃபைல்ல திரும்பவும் ரெண்டு துண்டு ஒகரம் இருந்துச்சு, பத்து நிமிஷத்துல பிடிச்சு சுத்தம் பண்ணி ஏத்திட்டோம்.